பூட்டி வையுங்கள், தொலைத்துவிடாதீர்கள்: தத்துப் பிள்ளைகள், வளர்ப்புப் பிள்ளைகளின் வாழ்க்கைப் பதிவுகளுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கும், குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்கும், தில்லியிலுள்ள மத்திய தத்துவள ஆணையமான காராவுக்கும், மாவட்ட ஆட்சியர்களுக்கும், குழந்தைகள் நலக் குழுக்களுக்கும், தத்து மையங்களையும் குழந்தைகள் இல்லங்களையும் நடத்துகிறவர்களுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

எழுதுகிற நாங்கள் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்கள், ஹோமிலும் வளர்ப்புக் குடும்பத்திலும் இருந்துவிட்டு வந்தவர்கள், தத்தெடுத்த அம்மா அப்பாக்கள், இந்தத் துறையில் கோப்பு சுமந்து களைத்த சமூகப் பணியாளர்கள். எல்லா விஷயத்திலும் எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. பெற்றவளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்பவர்களும் உண்டு. தேடுவதா வேண்டாமா என்பதை நாங்களே முடிவுசெய்துகொள்கிறோம். அந்த முடிவை எடுக்கும் நாளில் தேடுவதற்கு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் பிளவில்லை.

பெரிய தத்துவம் எதுவும் வேண்டாம், சாதாரண ஓ.பி. சீட்டோடு தொடங்குவோம். நெஞ்சு வலிக்கிறது என்று போய் உட்கார்ந்தால் டாக்டர் கேட்பார்: "வீட்ல யாருக்காவது சுகர், பிரஷர், ஹார்ட் பிரச்சினை உண்டா?" எங்களில் பலர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். "தெரியாது" என்று சொன்னால் அடுத்து வரும் கேள்விகளுக்கு, பின்னால் பத்துப் பேர் நிற்கும் அந்த அறையில் வைத்துப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த "இல்லை" சீட்டில் ஏறுகிறது. அதை நம்பி அடுத்த டாக்டர் மருந்து எழுதுகிறார்.

பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டால், ஒரு சென்ட் நிலம் பல பத்தாண்டுகளாக யார் யார் கை மாறியது என்று வில்லங்கச் சான்று வந்து விழுகிறது. நாங்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனோம் என்று சொல்லும் தாளை வாங்கத்தான் எங்களில் பலரால் முடியவில்லை.

சட்டம் இல்லை என்பதால் வந்த குறையா இது? பெரும்பாலும் சட்டம் இருக்கிறது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, குழந்தையின் அடையாளத்தைக் காக்கும் கடமையை அரசுமீது வைக்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, குழந்தையின் பூர்விகம், பெற்றோர் அடையாளம், மருத்துவ வரலாறு ஆகிய தகவல்கள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது. இந்தியா அதை 2003இல் உறுதிசெய்தது. 2009 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், பெற்றோரைப் பிரிந்து வளரும் ஒவ்வொரு குழந்தைக்கும் படங்களும் நினைவுப் பொருட்களும் கொண்ட வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்றை, அந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கி, வாழ்நாள் முழுக்க அதன் கைக்கெட்டும்படி வைக்கச் சொல்கின்றன. நம் நாட்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளே, குழந்தையைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும்போது படங்கள், வாழ்க்கை விவரம், விருப்பங்கள் அடங்கிய நினைவு ஆல்பத்தை மருத்துவ விவரத்தோடு கொடுக்க வேண்டும் என்று தத்து மையங்களுக்குச் சொல்லியிருக்கின்றன. எத்தனை தத்துப் பெற்றோர் அதைக் கையில் வாங்கினார்கள்? வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு வந்தது நான்கு பிரிண்ட் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவருக்கு மேல்?

ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. கோப்பைக் கேட்டுப் போகும் எங்களைத் திருப்பி அனுப்பும்போது சொல்லப்படுவது ஒரே பதில்: "அதெல்லாம் ரகசியம்." ரகசியம் தேவை என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதித்திருப்பது சரியே. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பல நேரங்களில் கோப்பே இருப்பதில்லை. கரையான் அரித்திருக்கும், கட்டடம் மாறியபோது கட்டு காணாமல் போயிருக்கும், அல்லது எழுதவேண்டியதை அன்றைக்கே யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அலட்சியம் ரகசியத்தின் போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பூட்டைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. பீரோவுக்குள் ஏதாவது இருக்கட்டும் என்கிறோம்.

முதல் நாளே எழுதுங்கள்

கணினியில் ஏற்றுவது பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஏற்றுவதற்கு ஏதாவது வேண்டும். எங்கள் முதல் கோரிக்கை, குழந்தை வந்து சேர்ந்த அன்றே தொடங்கும் வரவுப் பதிவு.

கண்டெடுக்கப்பட்ட குழந்தையின் கோப்பைத் திறந்தால் காவல் நிலையக் கடிதம், அரசு மருத்துவமனைப் பரிசோதனைச் சீட்டு, குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு, பெற்றோரைத் தேடி நாளிதழில் வந்த அறிவிப்பின் நறுக்கு ஆகியவை இருக்கும். இரண்டு விரல் அகலக் கட்டம். அதற்குள் கறுப்பு வெள்ளையில், மை கலங்கிய ஒரு முகம். எங்களில் பலருக்கு வாழ்க்கையின் முதல் புகைப்படம் அதுதான். அச்சுக்குப் போகுமுன் எடுத்த மூலப்படம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. யாரோ ஒருவருடைய போனில் இருந்தது, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அல்லது போனை மாற்றிவிட்டார்.

இனிமேல் அந்தப் படம் அலுவலகக் கருவியில் எடுக்கப்பட்டு, வாட்ஸ்அப்பில் நசுங்காத மூல அளவிலேயே, நாள், நேரம், இடத்தோடு அன்றே பதிவேற்றப்பட வேண்டும். அறிவிப்பு வந்த செய்தித்தாளின் முழுப் பக்கமும் வேண்டும். குழந்தை எதில் சுற்றியிருந்தது, பழைய சேலையா, துண்டா, கட்டைப்பையா? கையில் கறுப்புக் கயிறு இருந்ததா, இடுப்பில் அரைஞாண் இருந்ததா? கன்னத்தில் மைப்பொட்டு இருந்தது என்பது எழுதினால் ஒரு வரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டால், யாரோ குளிப்பாட்டிப் பொட்டு வைத்துத்தான் விட்டுப் போனார்கள் என்பது அந்தப் பிள்ளைக்கு எக்காலத்திலும் தெரியப் போவதில்லை. இப்போது நடப்பது என்ன? சுகாதாரம் என்று துணியை எரித்துவிடுகிறார்கள், பொட்டை டெட்டால் பஞ்சால் துடைத்துவிடுகிறார்கள். செவிலியரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது. துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள் என்றுதான் கேட்கிறோம். துணியைத் துவைத்து, உலர்த்தி, எண்ணிட்ட பையில் போட்டு வையுங்கள்.

முதலில் பார்த்தவர் துப்புரவுப் பணியாளராக இருப்பார், ஆட்டோ ஓட்டுநராக இருப்பார், பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிறவராக இருப்பார். காவல் நிலையத்தில் அவரிடம் வாங்கும் வாக்குமூலம் வழக்குக்கானது. பிள்ளைக்காக அவர் சொந்த வார்த்தைகளில் இரண்டு நிமிடக் குரல் பதிவு ஒன்றும் எடுக்கலாம். அதே போல, மையத்தில் மாதக்கணக்கில் தூக்கி வளர்த்த ஆயாம்மாவின் குரலும் வேண்டும். எந்தப் பாட்டுக்குத் தூங்கியது, எந்தக் காதைப் பிடித்துக்கொண்டு பால் குடித்தது, பெயர் யார் வைத்தது, ஏன் அந்தப் பெயர் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அந்த அம்மா வேலையை விட்டுப் போகும் நாளில் எங்கள் வாழ்வின் முதல் ஆண்டும் அவரோடு போய்விடுகிறது.

தாயே வந்து ஒப்படைக்கும் குழந்தைகளின் விஷயம் வேறு. இங்கே ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். பூர்விகத் தேடல் பற்றிய ஒழுங்குமுறை, பெற்றவர் அடையாளத்தைத் தர மறுத்தாலோ கண்டுபிடிக்க முடியாமல் போனாலோ, குழந்தை ஒப்படைக்கப்பட்ட காரணத்தையும் சூழ்நிலையையும் தத்துப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் கோப்பில் காரணம் என்ற இடத்தில் இருப்பது "வறுமை", அல்லது "திருமணமாகாத தாய்", அல்லது "குடும்பச் சூழ்நிலை". இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் ரயிலேறி வந்து, மனுப்போட்டுக் காத்திருந்து, இறுதியில் பெற்றுக்கொண்டு போவது "குடும்பச் சூழ்நிலை" என்ற இரண்டு சொற்களை!

ஒப்படைத்த தாய் மனம் மாறித் திரும்பி வரச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. அந்த இரண்டு மாதத்துக்குள் ஆற்றுப்படுத்துநர் ஒருவர் அவரிடம் ஒரேயொரு முறை, வற்புறுத்தாமல் கேட்க வேண்டும்: பிள்ளை வளர்ந்த பிறகு படிக்கவோ கேட்கவோ ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். எழுதத் தெரியாவிட்டால் குரலில் சொல்லலாம். அவர் வேண்டாம் என்றால், கேட்டோம், வேண்டாம் என்றார் என்று எழுதுங்கள். குடும்பத்தில் உள்ள நோய்களை மட்டுமாவது பெயரில்லாமல் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு மனம் மாறி அவர் ஏதாவது சேர்க்க விரும்பினால், எங்கே யாரிடம் வர வேண்டும் என்று எழுதிய சீட்டு ஒன்றை, வீட்டில் யார் கண்ணில் பட்டாலும் புரியாத விதத்தில் தயாரித்து, அவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

ஸ்கேன் எடுத்தால் வேலை முடியவில்லை

அரசு அலுவலகங்களில் மின்மயம் என்றால் டெண்டர் விட்டு, கட்டுக்கட்டாகத் தாள்களை ஸ்கேன் செய்து, ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு, அதை அதே பீரோவில் வைத்துப் பூட்டுவது என்று ஆகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை குடும்பங்கள் சான்றிதழ்களைப் பறிகொடுத்தன என்பது நினைவிருக்கும். அரசு சிறப்பு முகாம் போட்டு மறுபிரதி கொடுத்தது. ரேஷன் கார்டுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் மறுபிரதி உண்டு. ஆயாம்மா எடுத்த படத்துக்கு எந்த முகாமில் மறுபிரதி கிடைக்கும்?

எனவே ஒவ்வொரு பதிவுக்கும் குறைந்தது மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். கடலோர மாவட்டத்தின் பிரதி கடலோரத்திலேயே இருந்து பயனில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கோப்பு திறக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்திட வேண்டும். பத்தாண்டுக்கு முன் பதிந்த சி.டி.யை இன்று எந்தக் கணினியில் போடுவது என்று யோசித்துப் பாருங்கள். மென்பொருள் மாறும்போது பதிவுகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளில் மட்டுமே திறக்கிற பதிவு எங்களுக்கு வேண்டாம். அந்த நிறுவனம் கடையை மூடிவிட்டால் எங்கள் கதையும் மூடிக்கொள்ளும்.

எழுத்துரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன்னும், உண்மையைச் சொன்னால் அதற்குப் பின்னும், அலுவலகங்களில் வானவில்லிலும் பாமினியிலும் இன்னும் பல எழுத்துருக்களிலும் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பை வரும். குழந்தை ஆய்வறிக்கை என்று எழுதப்பட்டது அந்தக் குப்பைக்குள் இருக்கிறது. மாற்றித் தருகிற கருவிகள் இருக்கின்றன, செய்தவர்களும் இருக்கிறார்கள். பழைய எழுத்துருக் கோப்புகளை எல்லாம் ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வையுங்கள். கையெழுத்துப் பக்கங்களுக்கு, படிக்கத் தெரிந்த பழைய பணியாளர்கள் இருக்கும்போதே தட்டச்சுப் பிரதி எடுங்கள். ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவரால் மட்டுமே படிக்க முடிகிற கையெழுத்துகள் இந்தத் துறையில் ஏராளம்.

பிரதி எடுத்து வைப்பதன் அருமைக்கு அயர்லாந்து சாட்சி. அங்கே மணமாகாத தாய்மார்களை அடைத்து வைத்த தாய்-சேய் இல்லங்களை விசாரித்த ஆணையம், 500க்கும் மேற்பட்டோர் அளித்த சாட்சியங்களின் ஒலிப்பதிவுகளை அழித்துவிட்டோம் என்றது. 2021இல் அறிக்கை வெளியானபோது சாட்சி சொன்னவர்கள் கொதித்தெழுந்தார்கள். பிறகு காப்பு நாடாக்களில் அந்தப் பதிவுகள் இருப்பது தெரியவந்து மீட்கப்பட்டன. பிரதி இருந்ததால் பிழைத்த குரல்கள் அவை. அழிக்கும் அதிகாரம் ஒரே ஆளிடமோ ஒரே அலுவலகத்திடமோ இருக்கக் கூடாது என்பதையும் அந்த நிகழ்ச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஆண்டு வைத்திருப்பது? இங்கிலாந்தில் 2005 இறுதிக்குப் பின் நடந்த தத்தெடுப்புகளின் பதிவுகளை நூறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று விதி. நமக்கும் 100 ஆண்டு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். இது இப்போதே அவசரம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தரவை அழித்துவிட வேண்டும் என்கிறது, வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியவை தவிர. தத்து உத்தரவு வந்ததோடு நோக்கம் முடிந்தது என்று நாளை ஓர் அலுவலர் அந்தச் சட்டத்தைக் காட்டி எங்கள் கோப்பை அழிக்கலாம். எங்களுக்கோ நோக்கம் அன்றுதான் தொடங்குகிறது.

சாவி யாரிடம்

எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கிராமத்தில் இன்றும் ஒரு பெண், பதினெட்டு வயதில் பெற்றுக் கொடுத்த பிள்ளையைப் பற்றிக் கணவனிடம்கூடச் சொல்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கலாம். அவள் வாசலில் ஒருநாள் காலையில் யாரோ வந்து நிற்பதை நாங்களும் விரும்பவில்லை. பிள்ளையின் உரிமை பெற்றவளின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்று ஒழுங்குமுறையே சொல்கிறது.

ஆனால் பதிவை அடுக்கடுக்காகப் பிரிக்கலாம். பெற்றவரின் பெயரும் முகவரியும் தனி அடுக்கில், தனிக் குறியீட்டில் பூட்டப்படட்டும். குழந்தையின் படங்கள், எடை, தடுப்பூசி, யார் தூக்கி வளர்த்தார்கள், எந்த ஊர், என்ன சூழ்நிலை என்பவை குழந்தையுடையவை. அவற்றைப் பெயர் அடுக்கோடு சேர்த்துக் கட்டி "ரகசியம்" என்று முத்திரை குத்துவதுதான் இன்றைய கேடு. குழந்தை வளர வளர, வயதுக்கேற்பத் தத்துப் பெற்றோர் வழியாக அது கைக்கு வரட்டும். 18 நிறைந்த அன்று யாருடைய பரிந்துரையும் இல்லாமல் தானே விண்ணப்பித்துப் பெறும் உரிமை வேண்டும். விண்ணப்பத்துக்கு எண், கால வரம்பு, மறுத்தால் எழுத்தில் காரணம், மேல்முறையீடு. வளர்ந்த பிள்ளை, என் பதிவை இனி யாரும் திறக்க வேண்டாம் என்று சொன்னால் அதற்கும் வழி வேண்டும். பதிவை யார், எந்த நாளில், எதற்குத் திறந்தார்கள் என்ற குறிப்பு தானாகவே பதிவாகி, அதையும் நாங்கள் பார்க்க முடிய வேண்டும்.

இன்னொன்று. எங்கள் குழந்தைப் பருவப் படங்களை இல்லத்தின் ஆண்டறிக்கையிலும் நன்கொடை கேட்கும் துண்டறிக்கையிலும் முகநூல் பக்கத்திலும் போடுகிற வழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். ரகசியம் என்று எங்களிடம் காட்ட மறுக்கும் படத்தைப் புரவலரிடம் காட்டுவது எந்த ஊர் நியாயம்? முகத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்குத் தீனியாகவும், டி.என்.ஏ. நிறுவனங்களுக்குச் சரக்காகவும் இந்தப் பதிவுகள் போகக் கூடாது.

பழைய கோப்புகள், பொய்க் கோப்புகள்

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும், 2011இல் கடலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. பெண் சிசுக்கொலைக்கு எதிராக வந்த திட்டம் அது. அது காப்பாற்றிய உயிர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள், எங்களில் சிலரே அந்த உயிர்கள். ஆனால் அந்த முதல் தொட்டில்களில் கிடந்தவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அன்றைய வரவேற்பு மையங்களின் பதிவேடுகள் எந்த அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். பதிவேட்டில் உள்ளதை வெளியிடச் சொல்லவில்லை. பதிவேடு இருக்கிறது, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இன்ன நிலையில் என்று மட்டும். இல்லாததை இல்லை என்றே சொல்லுங்கள். பத்து அலுவலகம் ஏறி இறங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

மூடப்பட்ட இல்லங்களின் கோப்புகள் ஒரு தனிச் சோகம். ஓர் இல்லத்தின் பதிவு ரத்தாகும் அன்றே, பிள்ளைகளை இடம் மாற்றுவதற்கு முன்பே, பதிவேடுகள் முழுவதையும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு முத்திரையிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிரியாரோ சிஸ்டரோ தனிப்பட்ட நாட்குறிப்பில் எழுதி வைத்தவை இருந்தால் கேட்டு வாங்கிப் பிரதி எடுக்க வேண்டும். பல நேரங்களில் அரசுக் கோப்பைவிட அவற்றில்தான் உயிர் இருக்கிறது. மூலத்தாள்களை எழும்பூரில் 1909 முதல் நிற்கிற ஆவணக் காப்பகத்தில், பூட்டிய தனிப்பிரிவில் வைக்கலாம். அங்கே பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பொய்யாக எழுதப்பட்ட கோப்புகளை என்ன செய்வது? 2005இல் சென்னையில் காவல்துறை வெளிக்கொணர்ந்த வழக்கு நினைவிருக்கலாம்: ஏழைக் குடும்பங்களிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள், வேறு பெயரில், வேறு தாயின் கையொப்பத்தில் வெளிநாடுகளுக்குத் தத்துப் போயிருந்தார்கள். 2019இல் ராசிபுரத்தில் வெளிப்பட்ட குழந்தை விற்பனையில் பிறப்புச் சான்றிதழ்களே போலி. இலங்கையிலிருந்து நெதர்லாந்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து தேடியபோது, அன்று தாய் என்று ஒப்படைத்தவளே கூலிக்கு வந்தவள் என்று கண்டார்கள். தென்கொரியாவில் உண்மை கண்டறியும் ஆணையம் 2025 மார்ச்சில், பெற்றோர் இருந்த குழந்தைகளை அனாதை என்று பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பியதை உறுதிசெய்தது. இதையெல்லாம் பார்த்து, தவறான பதிவைத் திருத்தி எழுதிப் பழையதை நீக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பொய்ப் பதிவும் ஆவணம். யார் கையெழுத்து, எந்த மை, எந்த நாள் என்பதில்தான் உண்மையின் நுனி கிடைக்கும். மூலத்தை அப்படியே வைத்து, பக்கத்தில் திருத்தக் குறிப்பை நாளிட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் வளர்ந்து, தமிழ் தெரியாமல், ஒரு சாயம்போன ஜெராக்ஸை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருவது அரசின் செலவில் நடக்கட்டும்.

வளர்ப்புக் குடும்பங்களிலும் இல்லங்களிலும் உள்ள பிள்ளைகள்

தத்துப் போன பிள்ளைக்கு ஒரு குடும்பமாவது நினைவு வைத்துக்கொள்ள இருக்கிறது. தத்துப் போகாத பிள்ளை ஆறு வயதில் தத்து மையத்திலிருந்து குழந்தைகள் இல்லத்துக்கும், அங்கிருந்து வேறு மாவட்டத்துக்கும், நடுவில் ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்கும், 18இல் பின்காப்பு இல்லத்துக்கும் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் புதுக் கோப்பு, புதுப் படம், சில இடங்களில் புதுப் பெயர். பள்ளி ஆண்டுவிழாவில் மாறுவேடம் போட்ட படம் முந்தைய ஹோமின் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். கூடப் பிறந்தவன் எந்த இல்லத்தில் இருக்கிறான் என்பது அந்த இல்லத்தின் கோப்பில் மட்டும் இருக்கும்.

ஒரு பிள்ளைக்கு ஒரே பதிவு, எங்கே போனாலும் கூடவே போகும் பதிவு வேண்டும். இடம் மாறும் உத்தரவில், வாழ்க்கைப் பதிவு ஒப்படைக்கப்பட்டது என்று இருதரப்பும் கையெழுத்திடாமல் பிள்ளையை மாற்றக் கூடாது. உடன்பிறந்தோர் பதிவுகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளை தன் பதிவில் தானே எழுதவும், வரையவும், குரல் கொடுக்கவும், பிடிக்காத படத்தை நீக்கச் சொல்லவும் இடம் வேண்டும். ஹோமில் வளர்ந்தவர்களுக்குத் தங்களைப் பற்றிய கோப்பைப் படிக்கும்போது வரும் முதல் அதிர்ச்சி அதன் மொழி: "அடங்காதவன்", "திருடும் பழக்கம் உண்டு", "பிடிவாதக்காரி". எட்டு வயதுப் பிள்ளை பிஸ்கட் எடுத்ததைத்தான் அப்படி எழுதியிருப்பார்கள். அந்தப் பிள்ளை ஒருநாள் இதைப் படிக்கும் என்ற நினைப்போடு எழுதப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள்.

கொரோனாவில் 2021இல் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தலா 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது. நன்றியோடு நினைக்கிறோம். அதே பிள்ளைகளின் அப்பா அம்மா குரல்கள் பழைய போன்களில், வாட்ஸ்அப் செய்திகளில், திருமண வீடியோக்களில் கிடக்கின்றன. அந்தப் போன் பேட்டரி உப்பிப் போய் டிராயரில் கிடக்கும், லாக் எண் யாருக்கும் தெரியாது, சித்தப்பா ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடுவார். மாவட்ட அலுவலகத்தில் ஒரு கணினியும் விவரம் தெரிந்த ஒரு ஊழியரும் இருந்தால் அந்தக் குரல்களை எடுத்துப் பிள்ளையின் பதிவில் சேர்த்துவிடலாம். இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. முதலில் இந்தப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குங்கள், ஏனென்றால் இங்கே நாள் போகப் போக இழப்பு கூடிக்கொண்டே போகும்.

உறவுக்குள்ளேயே தத்துக் கொடுத்து, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரம் மட்டும் பதிகிற குடும்பங்களும் விரும்பினால் இதே ஏற்பாட்டில் பதிவு வைக்க இடம் கொடுங்கள்.

தத்துப் பெற்றோருக்கு, எங்களிலேயே ஒரு பாதியினருக்கு, ஒரு வார்த்தை. பிள்ளையிடம் சொல்லாமல் மறைக்க வேண்டி ஆல்பத்தைக் கிழித்துப் போடாதீர்கள். சொல்ல மனம் வராவிட்டால் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். பிரதியை அரசிடம் விட்டு வையுங்கள்.

காசும் காலமும்

இதற்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மற்ற செலவுகளோடு கலந்தால் கூரை ஒழுகும் மாதத்தில் கூரைக்குத்தான் போகும், அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. மாவட்டத்துக்கு ஒரு பதிவுக் காப்பாளர் வேண்டும், ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தரப் பணியிடமாக. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் நூறாண்டுப் பதிவை யாரிடம் ஒப்படைப்பது?

கணக்கெடுப்பை ஆறு மாதத்துக்குள் முடியுங்கள். வரவுப் பதிவை அடுத்து வரும் குழந்தையிலிருந்தே தொடங்கலாம், அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். காரா தன் இணைய முறைமையில் நினைவு ஆல்பம் பதிவேற்றப்படாமல் ஒப்படைப்பு முடிந்ததாகக் காட்டாதபடி ஒரு தடையை வைக்கட்டும். எத்தனை பதிவுகள் பாதுகாக்கப்பட்டன, எத்தனை காணவில்லை, எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்ற நான்கு எண்களை ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் அச்சிட வேண்டும்.

இந்தச் சாசனம் கிடைத்ததற்கான ஒப்புகையும், எந்தக் கோரிக்கையை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்ற பதிலும் முப்பது நாட்களுக்குள் எழுத்தில், தமிழில், பொறுப்பான அலுவலரின் பெயரோடும் பதவியோடும் எங்களுக்கு வர வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியையும் 100 ஆண்டு வைத்திருங்கள்.